பெட்டியின் மூலைகள்

பினாங்குத் துறைமுகத்தின் பட்டர்வொர்த் முனையத்தில், எந்த நாட்டிலிருந்து வந்த கொள்கலனையும் ஒரே பாரந்தூக்கி தூக்குகிறது. பெட்டியின் மூலைத் துளைகளை 1960களிலேயே உலகத்துக்குப் பொதுவாக்கிவிட்டார்கள். அதற்காகச் சீ-லேண்ட் நிறுவனம் தன் காப்புரிமையையும் விட்டுக்கொடுத்தது. உள்ளே இருப்பது துணியா, மின்சில்லா என்று பாரந்தூக்கி கேட்பதில்லை.

நம் மாணவர்களின் தமிழ் மென்பொருளில் இந்த மூலைகள்தாம் இல்லை. யுனிகோடில் ‘கோ’ இரண்டு குறியீடுகளாகவும் வரும், மூன்றாகவும் வரும், திரையில் ஓரெழுத்துதான். இதைச் சீராக்கும் நிரலைச் சொற்பிழைதிருத்தி செய்பவர் தன் திட்டத்துக்குள்ளேயே புதைத்துவிட, அடுத்த ஆண்டு அகராதி செய்பவர் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறார். எதை வாங்கும், எதைத் தரும் என்று முதல் வாரமே வரையறுத்தால் அது தனிக் கூறாக நிற்கும். கடைசி வாரத்தில் பிய்த்தெடுக்க முடியாது. பழைய நிரலை எடுத்தாள்வதற்கும் விரிவுரையாளர்கள் மதிப்பெண் தரட்டுமே!