"சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க"

செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஓர் எல்லை வந்துவிடும். திண்டிவனம் வழியாகப் போனால் கோரிமேட்டில் புதுச்சேரி. சேத்துப்பட்டு, ஆரணி, வேலூர், காட்பாடி என்று போனால் கிறிஸ்டியான்பேட்டை தாண்டி ஆந்திரா. திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போனால் அத்திப்பள்ளியில் கர்நாடகம். ஜிப்மருக்கு வைத்தியத்துக்கு, திருப்பதிக்கு முடி காணிக்கைக்கு, பெங்களூருக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்க. என் வயதுக்காரர்கள் வாடகைக் கார் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான்.

முன்னேற்பாடெல்லாம் பலமாகத்தான் இருக்கும். புளியோதரை கட்டியாகிவிடும், மாத்திரை டப்பா, சர்க்கரை பார்க்கிற மெஷின், வாந்திக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் பைக்குள் போய்விடும். ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்கிற கேள்வி மூன்றே மூன்று. ஏசி இருக்கா? கிலோமீட்டருக்கு எவ்வளவு? டிரைவர் பேட்டா எவ்வளவு? நம்பர் பிளேட் என்ன நிறம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வாசலில் வந்து நிற்பது வெள்ளை போர்டு வண்டி. ஓன் போர்டு என்கிறோமே, அது. எல்லை நெருங்கும்போது டிரைவர் தம்பி பின்னால் திரும்பி, "போலீஸோ ஆர்.டி.ஓ.வோ கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க, வாடகைன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்பார். வண்டியில் இருக்கிற பாட்டி முதல் பேத்தி வரை தலையாட்டுவார்கள். சாமி கும்பிடப் போகிற குடும்பம், போகிற வழியிலேயே கூட்டாக ஒரு பொய்க்கு ஒத்திகை பார்க்கிறது.

பொய் பாவம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. இந்தப் பொய் எவ்வளவு செலவு வைக்கும் என்று சொல்லவே வருகிறேன். நான் நீதிமன்ற ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகளை வருடக்கணக்கில் கையாண்டிருக்கிறேன்.

முதலில் சட்டம். மஞ்சள் போர்டு டாக்ஸிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே, உள்ளே உட்காரும் பயணிகளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அது கட்டாயம். வெள்ளை போர்டு காருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதன் சொந்தக்காரர் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்திருந்தால், உள்ளே இருக்கிற உங்களுக்கு அதில் இடமே இல்லை. முழு பாலிசி எடுத்திருந்தாலும், வாடகைக்கு விட்டால் செல்லாது என்று அந்தப் பாலிசியிலேயே அச்சடித்திருக்கும். ஆக, கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம் பிடித்த குடும்பம், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியில் ஏறியதற்குச் சமம்.

ஒரு வழக்கு சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கோயிலுக்குப் போய்த் திரும்பிய வண்டி, விடியற்காலையில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதியது. குடும்பத் தலைவர் அங்கேயே போய்விட்டார். மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸிடம் அந்த அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார், "வாடகை பேசித்தான் போனோம்" என்று. பிறகு யாரோ சொல்லிக்கொடுத்து, நீதிமன்றத்தில் "உறவினர் வண்டி" என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் ஆனது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "என்ன உறவு அம்மா?" கணவனைப் பறிகொடுத்த பெண், கூண்டில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, டிரைவருக்கும் தனக்கும் என்ன முறை என்று யோசித்துக்கொண்டிருந்ததை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன். எல்லையில் சொல்லக் கற்றுக்கொடுத்த வாக்கியம் அங்கே வந்து நின்றது.

இதைச் சொன்னால் நண்பர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நம்ம ஊர்ப் பையன், பிழைக்கட்டுமே." மஞ்சள் போர்டு வைத்திருப்பவனும் நம் ஊர்ப் பையன்தான். அவன் பர்மிட் எடுக்கிறான், கூடுதல் பிரீமியம் கட்டுகிறான், வண்டிக்கு 8 வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்டுகிறான். வெள்ளை போர்டுக்கு 15 வருடம் வரை எஃப்.சி. என்ற பேச்சே இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவனின் சவாரியைப் பிடுங்கிக் கட்டாதவனுக்குக் கொடுப்பதற்குப் பெயர் இரக்கமா? விபத்து என்று வந்தால் அந்த வெள்ளை போர்டுப் பையனும் தப்புவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் உத்தரவிடுவது உண்டு. அப்போது அவன் வீடு, நிலம் எல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும்.

"டி போர்டு வண்டி 80-க்கு மேல போகாது சார்." ஆமாம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. 70 வயதில் ஜிப்மருக்குப் போகிறவருக்கு 80 போதாதா?

"டிரைவருக்கு பேட்ஜ் இல்லைன்னாலும் பரவாயில்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே." பாதி உண்மை. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. அது டிரைவரின் லைசென்ஸைப் பற்றியது. வண்டிக்கு பர்மிட் வேண்டாம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய். வண்டியையும் பிடித்து வைக்கலாம். நடுவழியில் வண்டி பிடிபட்டால் நோயாளியோடு தெருவில் நிற்கப்போவது யார்?

1954 நவம்பர் 1 வரை புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. எல்லையில் சுங்கச் சாவடியும் சோதனையும் இருந்ததைப் பற்றி என் அப்பா கதை கதையாகச் சொல்வார். இன்று மனிதர்களுக்கு அந்த எல்லை இல்லை. வாடகை வண்டிக்கு இருக்கிறது. மஞ்சள் போர்டிலும் தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட பர்மிட் உள்ளவை உண்டு. அவை எல்லை தாண்ட வேண்டுமானால் தனியாகத் தற்காலிக பர்மிட் எடுக்க வேண்டும். அகில இந்திய சுற்றுலா பர்மிட் உள்ள வண்டியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்த வண்டியில் பயணிகள் பட்டியலும் இருக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் இருந்தால், நீங்கள் யார் என்பதற்கு ஒத்திகை தேவையில்லை.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி ஏற வெளிமாநிலப் பிள்ளைகள் தாங்களே ஓட்டும் வாடகைக் காரில் வருகிறார்கள். அப்படி ஓட்டக் கொடுக்கும் காருக்கு கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். 1989-ஆம் வருடத் திட்டப்படி அந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும்; குறைந்தது 50 வண்டிகளும், அவற்றுக்கு நாடு முழுக்க ஓடும் பர்மிட்டும் வேண்டும். வெள்ளைப் பலகைக் காரின் சாவியைக் கொடுத்து, "யாராவது கேட்டால் ஃப்ரெண்ட் வண்டின்னு சொல்லுங்க" என்றால், அதுவும் அதே பழைய பாட்டுதான்.

ஆகவே, கிளம்புவதற்கு முதல் நாளே வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். வாகன வகை, எஃப்.சி. தேதி, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் வந்துவிடும். பர்மிட்டை டிரைவரிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு வண்டி பாருங்கள். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறோமே, அந்த அளவு வேலைதான் இது. பெற்றோருக்கு வண்டி ஏற்பாடு செய்யும் பிள்ளைகள் வெளியூரில் இருந்தபடியே செய்துவிடலாம்.

எல்லையில் நிறுத்தி "வாடகை வண்டியா?" என்று கேட்டால், "ஆமாம் சார், வாடகை வண்டிதான்" என்று சொல்ல முடிகிற வண்டியில் ஏறுங்கள். அதற்காகக் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் கூடக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.