மூன்று பெறுமதியுள்ள நாணயம்

கொள்விலை, விற்பனை விலை என்ற இரண்டோடுதான் நமது வியாபாரம் நடக்கிறது. சுப்பர்மேன், ஸ்பைடர்மேன் உருவம் பொறித்த ஞாபகார்த்த நாணயங்களுக்கோ மூன்று பெறுமதிகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் முதலீடு என்று நினைத்துப் பணத்தைப் போடுவது நட்டத்துக்கே வழி என்பது எனது கருத்து.

முதலாவது, முகப்பெறுமதி. அவுஸ்திரேலியாவின் பேர்த் நாணயசாலை 2017இல் வெளியிட்ட ஸ்பைடர்மேன் வெள்ளி நாணயத்தில் 1 டொலர் என்றிருக்கும். சட்டப்படி அது பசுபிக் தீவு நாடான துவாலுவின் நாணயம். ஆனால் அதைக் கொடுத்து ஒரு டொலருக்குச் சாமான் வாங்க எவரும் முன்வரமாட்டார். அதில் 1 அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தூய வெள்ளி இருக்கிறது.

இரண்டாவது, அந்த உலோகத்தின் பெறுமதி. உலகச் சந்தையோடு ஏறி இறங்கினாலும் எந்த ஊரிலும் தராசில் நிற்பது இதுதான்.

மூன்றாவது, சேகரிப்பாளர் தரும் விலை. சிக்கல் இங்கேதான். சுப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ ஷுஸ்டர் கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். சுப்பர்மேனின் 75 ஆண்டு நிறைவுக்காகக் கனடா அரச நாணயசாலை 2013இல் 7 நாணயங்களை வெளியிட்டது. அவற்றுள் 75 டொலர் தங்க நாணயம் 14 கரட். அதாவது 24 பங்கில் 14 பங்குதான் தங்கம். 22 கரட்டில் புழங்கும் நமது நகைக்கடைக்காரர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய நாணயத்தை வாங்குபவர் உலோகத்துக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. படம், பெட்டி, சான்றிதழ், குறைந்த எண்ணிக்கை, கதாபாத்திரத்தின் உரிமைக் கட்டணம் எல்லாம் விலைக்குள் அடங்கும். உருக்கினால் இவற்றில் எதுவும் மிஞ்சாது. நாணயசாலையும் உரிமையாளரும் முதல் விற்பனையிலேயே இலாபத்தை எடுத்துவிடுகின்றனர். மறுவிற்பனையின் ஆபத்து வாங்கியவர் தலையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க நாணயசாலை 2025இல் சுப்பர்மேனுடன் தொடங்கிய வரிசையில் தங்கத்தில் வந்தது நாணயம். வெள்ளியில் வந்தது வெறும் பதக்கம். அதற்கு முகப்பெறுமதியே இல்லை. பெயரையும் படத்தையும் மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பரிசாகவோ ஆசைக்காகவோ வாங்குங்கள், அது செலவு. வியாபாரமாக வாங்குவதானால், "நாளை இதை என்ன விலைக்குத் திருப்பி எடுப்பீர்கள்?" என்று விற்பவரிடமே கேளுங்கள். அவர் வெள்ளியின் விலையை மட்டும் சொன்னால், அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலீடல்ல, படத்துக்கான விலை.