திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி

திருமறையைத் தங்குதடையின்றி ஓதும் ஆற்றல் பெற்றவர் மாண்புமிகு வானவர்களுடன் இருக்கும் பேற்றை அடைவார் என்றும், ஓதுவது கடினமாயிருந்தும் விடாது திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு நற்கூலிகள் உண்டென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த இந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. ஓதியதற்கு ஒரு கூலி, பட்ட சிரமத்திற்கு மற்றொரு கூலி என்று மார்க்க அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளனர்.

இறைவனிடத்தில் இரட்டைக் கூலி பெறும் அந்தப் பிள்ளை நம் இல்லத்தில் பெறுவது யாது? "மக்கு" என்ற பட்டமும், "சோம்பேறி" என்ற ஏச்சும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஓயாத ஒப்பீடுமே அன்றோ! பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்துவிட்டால், ஆண் பிள்ளையாயின் கடையில் உட்கார வை, அல்லது பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்கு அனுப்பு என்பதும், பெண் பிள்ளையாயின் மாப்பிள்ளை பார் என்பதும் நம்மிடையே எழுதப்படாத தீர்ப்புகளாகிவிட்டன. அந்தப் பிள்ளையின் அறிவில் உண்மையிலேயே குறை இருக்கிறதா, அல்லது எழுத்தைப் படிக்கும் வழியில் மட்டும் ஒரு தடை இருக்கிறதா என்று கேட்பார் இல்லை.

இந்தக் கேள்வி புதியதன்று. 1896 ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அச்சிறுவன் கூரிய அறிவுடையவன், கணக்கில் வல்லவன், ஆயினும் எளிய சொற்களையும் பிழையின்றிப் படிக்க இயலாதவன். பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியில் அவனே முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்தாக இருந்தது. இன்று டிஸ்லெக்சியா என்று அழைக்கப்படும் வாசிப்புத் தடை இதுவே. எழுதுவதில் வரும் தடையை டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் வரும் தடையை டிஸ்கால்குலியா என்றும் கூறுவர். இவை மூளை வளர்ச்சி குன்றியதால் வருவன அல்ல. வளர்ப்பின் பிழையாலோ சோம்பலாலோ வருவனவும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் எண்ணையும் இணைத்துக் கொள்ளும் முறையில் இயல்பாகவே அமைந்த வேறுபாடுகள்.

செவிவழிக் கல்வி அறிந்த மண்

திருச்சி மக்களுக்கு இதனை விளக்குவது கடினமாக இருக்கலாகாது. காவிரியின் தென்கரையில் நம் மதரஸாக்களில் பிள்ளைகள் உஸ்தாதின் ஓசையைக் கேட்டுக் கேட்டே முப்பது ஜுஸ்வுகளையும் நெஞ்சில் பதித்து ஹாபிழ்களாகின்றனர். ஆற்றைக் கடந்தால் ஸ்ரீரங்கத்தில் வேதம் பயிலும் சிறுவர்களும் குருவின் வாயிலிருந்து செவி வழியாகவே பாடம் ஏற்கின்றனர். மார்கழியில் அரையர்கள் சேவிக்கும் பாசுரங்களும் தலைமுறை தலைமுறையாக அவ்வாறு வந்தனவே. கேட்டுக் கற்பதும் கல்வியே என்பதை இவ்வூரின் இரு கரைகளும் நெடுங்காலமாக அறியும். அவ்வாறிருக்க, கல்லூரி என்று வந்தவுடன் விரைந்து படிப்பவனும் விரைந்து எழுதுபவனும் மட்டுமே அறிவாளி என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்?

இன்னொன்றும் சிந்திக்கத் தக்கது. நம் வீட்டுக் குழந்தை பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்கும் அதே வயதில் மக்தபில் அரபு எழுத்தும் கற்கிறது. முதலிரண்டும் இடமிருந்து வலம் செல்வன. மூன்றாவது வலமிருந்து இடம் வருவது. பே, தே, ஸே ஆகிய எழுத்துகள் மூன்றும் வடிவத்தில் ஒன்றே. புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆதலின் எழுத்தில் தடுமாறும் குழந்தையை முதலில் காணும் வாய்ப்பு பெரும்பாலும் மக்தப் உஸ்தாதுக்கே கிடைக்கிறது. சூராக்களைக் கேட்டவுடன் மனனம் செய்துவிடும் பிள்ளை, அதே சூராவைப் பார்த்து ஓதச் சொன்னால் விழிக்கிறது என்றால் அங்கே பிரம்புக்கு வேலை இல்லை. தந்தையை அழைத்து நயமாக எடுத்துச் சொல்வதே உஸ்தாதின் கடமை. தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் ஓரளவு தடுமாறவே செய்யும். ஆயினும் எட்டு வயதைக் கடந்தும் தடுமாற்றம் நீங்கவில்லையாயின், கண்ணையும் காதையும் சோதித்த பின் கற்றல் திறன் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சட்டம் தந்த உரிமை

1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு கூறுகிறது. குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்றவர்க்கே இந்த ஒதுக்கீடு உரியது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது.

எனினும் சட்டப் புத்தகத்தில் இருப்பது தேர்வு மண்டபத்திற்குத் தானே நடந்து வந்துவிடாது. 2021 ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வில், எழுதும் தடையுள்ள மாணவி ஒருவருக்கு அவருக்குரிய கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. விடைத்தாள் மற்றவர்களோடு சேர்த்து வாங்கப்பட்டுவிட்டது. அம்மாணவி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியே என்று அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், அதனைச் சரிசெய்யும் வழியை ஆராயுமாறு தேர்வு முகமைக்கு ஆணையிட்டது. ஆயினும் மறுதேர்வு கிடைக்கவில்லை. உரிமையைப் பெற்றிருப்பதோடு, அதனை உரியவரிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் பெற்றுக்கொள்வதும் இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்குக

பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுநாள் கல்லூரிகளின் வாயிலில் நின்று கொண்டு யோசிப்பது காலம் கடந்த யோசனை. ஒன்பதாம் வகுப்பிலேயே திட்டமிட வேண்டும். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் சலுகை வேண்டுமாயின் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று தேவை. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் இதற்காக நாட வேண்டிய இடங்கள். சிறுவயதில் பெற்ற சான்று என்றைக்கும் போதுமென்று இருந்துவிடலாகாது. 2018 ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசின் விதிகள் 14 வயதிலும் 18 வயதிலும் மறுசோதனை வேண்டுமென்றன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் நடப்பு நிலையைக் கேட்டறிந்து சான்றைச் செம்மைப்படுத்திக் கொள்வது அறிவுடைமை.

அடுத்தது பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுப்பது. எண்களில் தடுமாறும் பிள்ளையைப் பொறியியல் ஆசையால் கணிதப் பிரிவில் சேர்ப்பது, நொண்டும் காலில் சுமையைக் கட்டுவதற்கு ஒப்பாகும். அதற்காக, படிக்கத் தடுமாறும் பிள்ளைகளையெல்லாம் தொழிற்பயிற்சிக்கே அனுப்ப வேண்டும் என்பதும் அநீதியே. கைத்திறன் மிக்க பிள்ளைக்குத் திருவெறும்பூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும், பாலிடெக்னிக்கும், துவாக்குடியிலுள்ள உணவக மேலாண்மைக் கல்வி நிலையமும் நல்ல வாயில்கள். ஆனால் மெதுவாகப் படித்தும் ஆழமாகச் சிந்திக்கும் பிள்ளைக்கு இயற்பியலும் வரலாறும் சட்டமும் எட்டாதவை அல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல அமர்த்தினார்கள். ஹஸ்ஸான் (ரலி) அவர்களிடம் கவிதையை ஒப்படைத்தார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அயல்மொழி கற்கப் பணித்தார்கள். தோழர் ஒவ்வொருவரின் திறனையும் கண்டறிந்து பணி தந்த அந்த அழகிய முன்மாதிரி, பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும் பெற்றோருக்கும் உரியதே.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் கட்டடத்தையும் மட்டும் பாராமல் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். பட்டப் படிப்பில் பாடத்தோடு முதற்பகுதியாக ஒரு மொழியும் இரண்டாம் பகுதியாக ஆங்கிலமும் உண்டு. வாசிப்புத் தடையுள்ள மாணவர் தம் முதன்மைப் பாடத்தில் தேறியும் இவ்விரண்டில் தவறிப் பட்டத்தை இழப்பதுண்டு. எனவே மொழிப் பாடத்தில் என்ன சலுகை உண்டென்று சேருமுன் கேளுங்கள். ஜமால் முகம்மது கல்லூரி, புனித வளனார் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி முதலியவை தன்னாட்சிக் கல்லூரிகள். தேர்வை அவையே நடத்துகின்றன. ஆதலின் கூடுதல் நேரத்திற்கும் எழுதுபவருக்கும் அந்தந்தக் கல்லூரியின் தேர்வு நெறியாளரையே அணுக வேண்டும். பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும் கல்லூரியாயின் அங்கிருந்து ஒப்புதல் பெற வேண்டும். அகமதிப்பீட்டுத் தேர்வுகளிலும் சலுகை உண்டா, வகுப்பில் பாடத்தைப் பதிவு செய்து கேட்க அனுமதி உண்டா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். ஸ்ரீரங்கம் தீவிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வரும் பிள்ளைக்கு, பேருந்துப் பயணத்தில் பாடத்தைக் காதால் கேட்கும் வசதி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது.

மறைப்பதா, உதவுவதா?

இத்தனை வழிகள் இருந்தும் நம்மவர் பலர் சான்று பெறத் தயங்குகின்றனர். "பதிவாகிவிட்டால் நாளை சம்பந்தம் பேச யார் வருவார்கள்?" என்ற அச்சமே காரணம். பிள்ளையின் ஆயுட்காலக் கல்வியை ஒரு நாள் திருமணப் பேச்சுக்காக விற்பது எவ்வகை நியாயம்? தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியதோடு, தம்மினும் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டுப் பெற்றார்கள் என்று திருமறை கூறுகிறது. இறைத்தூதரே துணை கேட்டிருக்க, தேர்வு மண்டபத்தில் ஒரு மாணவர் எழுதுபவரின் துணையைக் கேட்பது எப்படி இழிவாகும்?

ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடை வழங்கிய தந்தைக்குச் சாட்சியாக இருக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து, பிள்ளைகளிடையே நீதியுடன் நடக்குமாறு பணித்த செய்தி, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. விரைந்து படிக்கும் மகனுக்கு இலட்சங்களைக் கொட்டி இடம் வாங்கிவிட்டு, மெதுவாகப் படிக்கும் மகனின் சோதனைக்குச் சில ஆயிரம் செலவிடத் தயங்கும் தந்தை இந்நபிமொழியை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழா எடுத்து அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசளிக்கிறீர்கள், நன்று. அதே மேடையில், தடையோடு போராடித் தேறிய பிள்ளைக்கும் ஒரு நாற்காலி இடுங்கள். இரட்டைக் கூலிக்கு உரியவர் அவரல்லவா! கல்வி நிதியில் ஒரு பகுதியை இப்பிள்ளைகளின் சோதனைக்கும் சிறப்புப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக் குடும்பமாயின், ஸகாத் தொகையை அவர்கள் கையிலேயே உரிமையாக்கிக் கொடுத்து இச்செலவுக்கு உதவலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரி இளைஞர்களும் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் பாடநூல்களை உரக்க வாசித்துக் காட்ட முன்வந்தால், அதற்குப் பணமும் தேவையில்லை.

எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமத்தாதவன் நம் இறைவன். அவன் சுமத்தாத சுமையை நாம் நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றாதிருப்போமாக! அவர்களுக்கு அவன் திறந்து வைத்த வாயில்களை நம் வெட்கத்தால் அடைக்காதிருக்க வல்ல நாயன் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.