போபால்: ஓர் இரவோடு முடியாத கதை

2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தி ரயில்வே மென்’ தொடரைத் தமிழ் ரசிகர்கள் மாதவனுக்காகவே பார்க்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் நான்கு பாகங்களையும் தூக்கி நிறுத்துபவர் நிலைய அதிகாரியாக வரும் கே கே மேனன்தான். போபால் ரயில் நிலையத்தின் துணைக் கண்காணிப்பாளராக இருந்த குலாம் தஸ்தகீரை நினைவூட்டும் பாத்திரம் அது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், கோரக்பூர் ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பியவர் அவர். நச்சுவாயு அவர் உடலையும் விட்டுவைக்கவில்லை. 2003இல் காலமானார்.

அந்த இரவைத் தொடர் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் வீரத்தைப் பார்த்துக் கண் கலங்கும் வேகத்தில், அந்த வீரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

யூனியன் கார்பைடு ஆலையில் தயாரானது பூச்சிமருந்து. தோட்டத்தில் மருந்து அடித்துப் பழகிய தலைமுறைக்கு அதன் நெடி தெரியும். அதற்கான மூலப்பொருளான மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டியில் தண்ணீர் புகுந்ததும் கொதித்துச் சீறியது. ஏறத்தாழ 40 டன் வாயு வெளியேறியது.

தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாயும் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஆலை நட்டத்தில் ஓடியது, செலவைக் குறைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982 முதலே எச்சரித்து எழுதி வந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு நடந்தது இதைவிடக் கசப்பு. 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கைக்கு முதலில் வந்தது 25,000 ரூபாய். நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதான அன்றே ஜாமீனில் வெளிவந்து அமெரிக்கா திரும்பினார். விசாரணைக்கு வராமலேயே 2014இல் இறந்தார். 2010இல் இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. அவர்களும் உடனே ஜாமீனில் போனார்கள். கூடுதல் இழப்பீடு கேட்ட இந்திய அரசின் மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொடர் வெளியானது அதே ஆண்டில்தான்.

ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு, 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு ஏற்றிச் செல்லப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது. அங்கும் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது மட்டும் அந்த லாரிகளில் ஏறவில்லை.