‘எல்லாத் தமிழரும்’ என்றால் வாங்குவது யார்?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓகஸ்ட் மாதம், ஸ்காபரோ மார்க்கம் வீதித் தெருவிழாவில் நாங்கள் நான்கு பேர் ஒரு மேசை போட்டோம். கிளிநொச்சிப் பக்கம் 9 பெண்கள் பின்னிய 150 பனையோலைப் பெட்டிகள். இரண்டே நாளில் எல்லாம் போய்விட்டது. பாதிப் பேர் விலையே கேட்கவில்லை. பெட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்கள். ஓர் அம்மா அழுதேவிட்டா. அன்று இரவே 600 பெட்டிக்கு ஓடர் கொடுத்தோம்.

கப்பலில் அவை வந்து இறங்கியபோது வெளியே பனி. அடுத்த கோடை வரை 500க்கு மேல் என் பேஸ்மென்டில்தான் கிடந்தன. அதைவிடக் கொடுமை, அங்கே ஒரு அக்கா இரண்டாவது ஓடரை நம்பிக் கடன்பட்டு ஓலை வாங்கி வைத்திருந்தா. “பிள்ளை, அடுத்தது எப்ப?” என்று அவ கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

எங்கள் குழுவில் இருக்கும் அண்ணை ஒருவர், “எங்கட சனத்துக்கு ஊர்ப்பற்று குறைஞ்சு போச்சு” என்றார். நான் அதை ஏற்கவில்லை. சனத்தில் பிழை இல்லை. யாருக்கு விற்கிறோம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கேட்டால் ‘கனடாவில் இருக்கிற எல்லாத் தமிழரும்’ என்போம். ஊர் ஞாபகத்துக்காக வாங்குகிறவருக்கு ஒரு பெட்டி போதும். இன்னொன்று வேண்டுமென்றால் ஊருக்குப் போய்வரும் மச்சாள் சூட்கேசில் கொண்டு வருவா.

பிறகு ஒவ்வொரு வழியாக முயன்றோம். பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் படம் போட்டார்கள். லைக் குவிந்தது. வான்கூவரிலிருந்து ஒன்று, மொன்றியலிலிருந்து ஒன்று என்று ஓடரும் வந்தது. தபால் செலவு பெட்டி விலையைத் தாண்டியது. தமிழ்க் கடைகள் ‘வித்தால் காசு’ என்று எடுத்து, அரிசி மூட்டைகளுக்கு மேல் வைத்தன. தூசி பிடித்ததுதான் மிச்சம். பனங்கட்டியும் கொண்டுவரலாமா என்று பார்த்தோம். உணவுப் பொருள் என்றால் இறக்குமதி உரிமம் வேண்டும், லேபிள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். நாலு பேருக்கு அது தாங்காது என்று விட்டுவிட்டோம்.

இந்த நேரத்தில்தான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி வாசித்தேன். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. வசதி உள்ளவர் காசு கட்டுகிறார், இல்லாதவருக்கு இலவசம். காசு கட்டுகிறவர் தர்மம் செய்ய அங்கே போவதில்லை, தன் கண்ணுக்காகப் போகிறார். வர முடியாதவரைத் தேடி முகாம் கிராமத்துக்கே போகிறது. நாங்களோ உதவி பெறுகிறவர் யார் என்பதை மட்டும் தெளிவாக வைத்திருந்தோம். காசு தருகிறவருக்கு என்ன தேவை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பதில் ஒரு சாமத்தியவீட்டில் கிடைத்தது. 40 மேசை, மேசைக்குப் பத்துக் கதிரை. ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் இரண்டு சொக்லேட் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. 400 பெட்டி! சாப்பாடு ஆற ஆற நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பிள்ளையின் அம்மாதான் நாங்கள் தேடிய ஆள். மண்டபம் பிடித்த நாளிலிருந்தே அவவுக்குத் திகதி தெரியும், எத்தனை பேர் என்று தெரியும், சாரியின் நிறம்கூடத் தெரியும். பின்னவும் கப்பலில் வரவும் எங்களுக்கு வேண்டிய மாதங்கள் அவவிடம் இருக்கின்றன. அவ தெருவிழாவில் பெட்டி தேடுவதில்லை. மண்டப அலங்காரம் செய்பவரிடமும் அழைப்பிதழ் அடிக்கிற கடையிலும்தான் இருப்பா. நாங்கள் போக வேண்டிய இடமும் அதுதான்.

அலங்காரக்காரருக்கு 15 வீதம் தருவதென்று முடிவு செய்தபோது அண்ணைக்குக் கோபம். “ஊர்ப் பெண்களுக்குப் போற காசில இவைக்கு என்னத்துக்குக் கொமிசன்?” மேசை வாடகை, தபால், பேஸ்மென்டில் கிடந்த 500 பெட்டி எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினேன். அரை மனதோடு தலையாட்டினார்.

பெரிய பெட்டியை விட்டுக் கையளவு மூடிப்பெட்டிக்கு மாறினோம். ஓலையும் குறைவு, வேலையும் கெதியாக முடியும் என்று பின்னுகிறவர்களுக்கும் சம்மதம்.

இன்னொன்றும் மாற்ற வேண்டி வந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ‘போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவுங்கள்’ என்று ஓர் அட்டை வைத்திருந்தோம். “கொண்டாட்ட மேசையில இதை எப்பிடி வைக்கிறது?” என்று முதலில் ஓடர் தந்த அம்மாவே கேட்டா. எனக்கு முகம் சுண்டிப் போனது. பின்னுகிறவர்களிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒருவர், “எங்களுக்கும் அது பிடிக்கேல்லைத்தான், நீங்கள் விரும்பி வைச்சியள் எண்டு பேசாமல் இருந்தனாங்கள்” என்றா. அந்த அட்டையை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களாகவே எழுதியது. இப்போது இருக்கும் அட்டையின் வாசகத்தை அவர்களே சொன்னார்கள்: ‘கையால் பின்னியது. கிளிநொச்சி.’

போன கோடையில் ஆறு விழாக்களுக்குக் கொடுத்தோம். பெரிய தொகை இல்லை. பனிக்காலத்தில் மண்டபங்கள் குறைவு, அதற்கு என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கிறோம். ஓலைக்குக் கடன்பட்ட அக்கா அதைக் கட்டி முடித்துவிட்டா. இப்போது போன் எடுத்தால் ‘அடுத்தது எப்ப’ என்று அவ கேட்பதில்லை. “பிள்ளை, இந்தமுறை என்ன நிறம்?” என்றுதான் கேட்கிறா.