முதல் சிரிப்பு யாருடையது?



'திருவிளையாடல்' படத்தில் வரும் புலவர் தருமியைப் பார்த்திருக்கிறீர்களா? 1965-ல் வந்த படம். இன்றும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தால், எங்கள் பூதலூரில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து சிரிக்கிறார்கள். தருமியாக நடித்தவர் நாகேஷ்.

அவர் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். அம்மைத் தழும்புகள் இருக்கும். அந்தக் காலத்தில் பெரியம்மை பொல்லாத நோய். உயிரையே கொண்டுபோகும், பிழைத்தவர்கள் முகத்தில் தழும்பை விட்டுப்போகும். அம்மை குத்திக் குத்தித்தான் அதை ஒழித்தார்கள். உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று 1980-ல் அறிவித்தார்கள். எனக்கு அம்மை குத்திய வடு இன்னும் கையில் இருக்கிறது.

தாராபுரத்தில் வளர்ந்த நாகேஷ், சென்னையில் ரயில்வே குமாஸ்தா ஆனார். ஒல்லி உடம்பு, தழும்பு முகம். ஆனாலும் நாடக ஆசை! ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரராகச் சின்ன வேஷம் கிடைத்தது. வலியால் அவர் நெளிந்த நெளிப்பில் சபையே சிரித்தது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார்.

பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பத்திரிகையாளர் எஸ். சந்திரமௌலியிடம் சொன்னார். அது 'நான் நாகேஷ்' என்ற புத்தகமாக வந்தது. 2009-ல் நாகேஷ் மறைந்தார். ஆனால் அந்த ஒல்லி உடம்பை வைத்தே நம்மை இன்னும் சிரிக்க வைக்கிறார்!

"அப்படியானால் ஒல்லியாக இருப்பவனைப் பார்த்து நாங்களும் சிரிக்கலாமா, சார்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நானே ஒருமுறை தவறினேன்.

நான் வாத்தியாராக இருந்தபோது ஒரு மாணவன் பெரியவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். முழங்கால் வரை தொங்கியது. "சட்டை மட்டும் நடந்து வருதுடா!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வயல் வரப்பில் நடந்து அவன் வீட்டுக்குப் போனேன். வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தப்பு என்னுடையதுதான் தம்பி" என்றேன். மறுநாள் பள்ளிக்கு வந்தான்.

சில மாதம் கழித்துக் குழந்தைகள் தின விழா. அதே சட்டையுடன் மேடை ஏறினான். "இதுக்குள்ள இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு. மழை வந்தா ஓடி வாங்கடா!" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதே சட்டை, அதே பிள்ளைகள். ஆனால் முதல் சிரிப்பு பள்ளியை விட்டு அவனை ஓட வைத்தது. இரண்டாவது மேடையில் நிமிர்ந்து நிற்க வைத்தது. ஏன்? இரண்டாவது சிரிப்பைத் தொடங்கியவன் அவன். தன் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை அதைப் படுகிறவனுக்கே உண்டு. அவன் அழைத்தால் நாமும் சேர்ந்து சிரிக்கலாம். அழைக்காமல் சிரித்தால், அது கல்லெறிவது போல.

இன்னொன்றும் சொல்கிறேன். எல்லாக் கஷ்டத்துக்கும் உடனே சிரிப்பு வராது; வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனம் வலித்தால் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லி அழுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். இந்த வாரம் நீங்கள் அசடு வழிந்த ஒரு சம்பவத்தை, சேற்றில் வழுக்கி விழுந்ததோ, பரீட்சையில் கோட்டை விட்டதோ, வேடிக்கையாக ஒரு பக்கம் எழுதி வீட்டில் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் முதல் சிரிப்பு உங்களுடையதாக இருக்கட்டும்!