பத்து லூமன் போதும்

ஒரு காலத்தில் கிராமத்து வீடுகளில் டார்ச் லைட்டுக்கு அளவு கட்டைதான், அதாவது உள்ளே போடும் பேட்டரி. ‘ரெண்டு கட்டை லைட்டா, மூணு கட்டை லைட்டா?’ என்றுதான் கேட்பார்கள். ஐந்து கட்டை லைட் வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருப்பார். வெளிச்சம் மங்கினால் கட்டைகளைக் கழற்றித் திண்ணையில் வெயில் படும்படி அடுக்கிவைப்பார்கள். சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை சற்று வேகம் பிடிக்கும். சாயங்காலம் இன்னும் கொஞ்ச நேரம் எரியும். ராத்திரி மோட்டார் போடவும் மடை திருப்பவும் போகிறவர் அந்தக் கனத்த குழலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியிறங்குவார். இருட்டுக்குள் போகிறோம் என்று தெரிந்தே எடுத்துப்போன விளக்கு அது.

சொல்லாமல் வரும் இருட்டு வேறு. மூன்றாவது மாடிக்கு ஏறும்போது படிக்கட்டில் கரண்ட் போகிறது. பேருந்திலிருந்து இறங்கினால் தெருமுனை விளக்கு எரியவில்லை. இடது கையில் காய்கறிப் பையும் தோளில் தூங்கும் குழந்தையுமாக நிற்கும்போது பூட்டின் துவாரம் கண்ணில் படுவதில்லை. இரவு மாத்திரை கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிடுகிறது. இதற்கெல்லாம் என்று யாரும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. ஆனால் சாவி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் இல்லை. அதனால்தான் சாவிக்கொத்தில் விரல் நீளத்துக்கு ஒரு லைட் தொங்க வேண்டும் என்பது.

கைபேசியில்தான் லைட் இருக்கிறதே என்று உடனே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ நம் ஊரில் மறந்தவர் குறைவு. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற அந்தப் போனின் உச்சியில் ஒரு சின்ன லைட் இருந்தது. கைக்கு வழுக்காத உடம்பு, தூசு புகாத பொத்தான்கள். பொத்தானைத் தடவி அழுத்தினால் லைட் எரியும், திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. இன்றைய கைபேசி அப்படியல்ல. மழையில் நனைந்த விரலைத் திரை சரியாக உணர்வதில்லை. லைட்டைத் தேடுவதற்குள் திரையின் வெளிச்சம் முகத்தில் அடித்து, இருட்டுக்குப் பழகியிருந்த கண்ணைக் கெடுத்துவிடுகிறது. கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பல ஆயிரம் ரூபாய்க் கைபேசியைச் சாக்கடை ஓரம் நீட்டிப்பிடித்து, கீழே விழுந்த நட்டைத் தேடுகிறவரின் கை நடுங்கத்தான் செய்யும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் கைபேசியில் மிச்சமிருக்கும் சார்ஜ் என்பது வெளியூரில் இருக்கும் மகனுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்வதற்கானது. அதைக் கழிப்பறைக்குப் போய்வர எரிக்க முடியாது.

சரி, எந்த லைட்டை வாங்குவது? கடையிலும் இணையத்திலும் முதலில் கண்ணில் படுவது லூமன் கணக்குதான். அன்றைய கட்டைக் கணக்கின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. ஒரு விளக்கு மொத்தமாக எவ்வளவு ஒளியை வெளியே தள்ளுகிறது என்பதற்கான அளவு லூமன். சாதாரண மெழுகுவத்தி எல்லாத் திசைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 12 லூமன் தரும். அதே ஒளியைக் குவித்து ஒரே திசையில் அனுப்பினால் பூட்டு, படி, செருப்பு, காலடியில் இரண்டு மூன்று மீட்டர் தரை எல்லாம் தெளிவாகத் தெரியும். சாவிக்கொத்து லைட்டுக்கு இருக்கும் வேலை அவ்வளவுதான். அதற்குப் பத்து லூமன் போதும்.

அட்டையில் போடும் எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை. அமெரிக்காவில் டார்ச் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 2009-இல் எஃப்எல்-1 என்ற பொது அளவுமுறையைக் கொண்டுவந்தார்கள். அதன்படி, லைட்டைப் போட்டு 30 விநாடி ஆன பிறகு இரண்டு நிமிடத்துக்குள் ஒளியை அளக்க வேண்டும். அந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம்தான் ‘எரியும் நேரம்’. ஒளி எட்டும் தூரம் என்பது, ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம் அளவுக்கு ஒளி விழும் கடைசிப் புள்ளி. பழைய குளறுபடிகளோடு ஒப்பிட்டால் இது நல்ல முறை. ஆனாலும் ஓட்டை இருக்கிறது. ‘150 லூமன், 1 மணி நேரம்’ என்று அட்டை சொன்னால், ஒரு மணி நேரமும் 150 லூமன் வரும் என்று அர்த்தமில்லை. முதல் ஒன்றிரண்டு நிமிடம் பளீரென்று அடித்துவிட்டு, 30 லூமனுக்கு இறங்கி, கடைசியில் 15-இல் வந்து நின்றாலும் அட்டை பொய் சொன்னதாகாது. கட்டைவிரல் அளவு அலுமினியக் கூட்டால் சூட்டை வெளியேற்ற முடியாததால், பல சின்ன லைட்டுகள் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்கின்றன. கண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: வெளிச்சம் இரண்டு மடங்கானது போலத் தோன்ற ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். ஆக, 40 லூமனுக்கும் 150 லூமனுக்கும் எண்ணில் தெரியும் தூரம் கண்ணில் தெரியாது. பெயர் தெரியாத கம்பெனி விரல் அளவு லைட்டின் அட்டையில் ஆயிரக்கணக்கில் லூமன் அச்சடித்திருந்தால், அதைத் தொடாமல் நகர்ந்துவிடலாம்.

இந்தச் சின்னக் கூட்டுக்குள் இவ்வளவு ஒளி வந்ததே பெரிய கதை. அமெரிக்காவின் மேக்லைட் நிறுவனம் 1980-களின் கடைசியில் சாலிட்டேர் என்ற சாவிக்கொத்து லைட்டை விற்கத் தொடங்கியது. ஒரே ஒரு சின்ன பேட்டரி, உள்ளே இழை பல்ப். சுமார் 2 லூமன்தான் தரும். ஓங்கி விழுந்தால் இழை அறுந்துவிடும். அதனால் வால்மூடிக்குள் மாற்று பல்ப் ஒன்றையும் வைத்தே கொடுத்தார்கள். 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா பளிச்சென்ற நீல எல்இடியை உருவாக்கினார். அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவி, அதே நிறுவனம் 1996-இல் வெள்ளை எல்இடியைக் கொண்டுவந்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இழை போய்விட்டதால், விழுந்தால் அறுந்துபோக ஒன்றும் இல்லை. ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் ஈ01 என்ற லைட்டை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். ஏழு சென்டிமீட்டர் நீளம், ஒரு சின்ன பேட்டரி, நிச்சியா எல்இடி, 10 லூமன். ஒளியில் லேசான ஊதா சாயல் இருக்கும், அழகில்லை. ஆனாலும் பல மணி நேரம் எரியும் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தார். அடுத்த பதிப்பில் உச்ச ஒளியை 100 லூமனாக்கினார்கள். சாவிக்கொத்துக்கு முதல் பதிப்பின் நிதானமே பொருத்தம்.

பேட்டரிதான் உண்மையான தேர்வு. இப்போது வருபவற்றில் பல, யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றும் வகை. பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் லித்தியம் செல் பெரும்பாலும் 100, 150 மில்லி ஆம்பியர்-மணிதான். டிவி ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி இருக்கிறதே, அந்த ட்ரிபிள் ஏ அல்கலைன் வகை இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வைத்திருக்கும். யுஎஸ்பி லைட்டின் செல் சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தளர்ந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற வழியில்லை, லைட்டையே தூக்கி எறிய வேண்டியதுதான். ரிமோட் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அவசரத்துக்கு ரிமோட்டிலிருந்தே கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். பத்து வருடம் உழைக்கும் லைட் வேண்டும் என்றால் பேட்டரியை மாற்ற முடிகிற லைட்டைத்தான் வாங்க வேண்டும்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. மலிவான சாதாரண பேட்டரியில் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே வேதிவினையில் கரைந்து மின்சாரம் தருகிறது. தீரத் தீரக் கூடு மெலிந்து ஓட்டை விழும். அல்கலைன் பேட்டரியும் தீர்ந்த பிறகு அப்படியே கிடந்தால் கசியும். பழைய ரிமோட்டின் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்குமே, அதுதான். ரிமோட்டிலாவது சுரண்டி எடுக்கலாம். குறுகிய குழலுக்குள் பூத்துவிட்டால் பேட்டரி இறுகிக்கொண்டு வெளியே வராது. லைட் அதோடு போயிற்று. லித்தியம் ட்ரிபிள் ஏ பேட்டரி விலை அதிகம்தான், ஆனால் எடை குறைவு, கசிவது அரிது. எப்போதாவது மட்டும் எரிக்கும் சாவிக்கொத்து லைட்டுக்கு அந்தச் செலவு வீண் போகாது.

கோயில் திருவிழாக் கடைகளிலும் ரயில் நிலைய வாசலிலும் தட்டில் குவித்து விற்கும் குட்டி லைட்டுகளைப் பற்றித் தயங்காமல் சொல்ல வேண்டும்: குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவை வேண்டாம். உள்ளே இருப்பவை பொத்தான் பேட்டரிகள். பல லைட்டுகளில் மூடியை நகத்தால் நெம்பினாலே பேட்டரி கையில் வந்துவிடும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரத்தில் பாயும் மின்சாரம் அந்த இடத்திலேயே காரத்தை உண்டாக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துபோகலாம். லைட் எரியாத ‘செத்த’ பேட்டரியிலும் இதற்கான மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். பொத்தான் பேட்டரி போடும் பொருட்களின் மூடியைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டது. நம் நாட்டில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சாவிக்கொத்து லைட்டை யாரும் பொம்மை என்று சொல்லி விற்பதில்லை. ஆனால் வாங்கிப் போகும் வீட்டில் அது பொம்மைதான். அந்த மூடிக்கு ஒரு திருகாணியைக் கட்டாயமாக்க அரசுக்கு என்ன தடை?

உடம்பு, சுவிட்ச், வளையம் மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தே முடிவு செய்யலாம். அலுமினியக் கூடு போதும், டைட்டானியம் ஆசைக்கு. தலையைத் திருகினால் எரியும் வகையே பாக்கெட்டுக்குப் பாதுகாப்பு. பொத்தான் வைத்ததென்றால் மற்றச் சாவிகள் அழுத்தி, பாக்கெட்டுக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். திருகு மரையில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஐபிஎக்ஸ்-7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பைக் சாவியில் மாட்டுவதைவிட வீட்டுச் சாவியில் மாட்டுவது நல்லது. வண்டியின் அதிர்வில் திருகு தளரும், டேங்கிலும் கீறல் விழும். எலெக்ட்ரீஷியன்களும் வயர் வேலை பார்ப்பவர்களும் நிறத்தை உள்ளபடி காட்டும் லைட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். அட்டையில் சிஆர்ஐ 90-க்கு மேல் என்று இருக்கும். நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒன்றுபோலத் தெரிவது ஆபத்து.

இவ்வளவு சின்னப் பொருளுக்கு இத்தனை அக்கறை எதற்கு என்றால், அதற்குப் பதில் தரையில் கிடக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியன் சருகுக்குள் சருகாகச் சுருண்டு கிடக்கும். அருகில் கால் வைக்கும்வரை பலநேரம் நகராது. இரவில் வெளிச்சம் இல்லாமல் நடக்காதீர்கள், செருப்போ காலணியோ இல்லாமல் இறங்காதீர்கள் என்பதுதான் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. வரப்பில் போகிறவருக்குச் சாவிக்கொத்து லைட் போதாது. அவருக்குப் பெரிய டார்ச்சும் கம்பும் வேண்டும். ஆனால் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் பத்தடி, மாட்டுக்கொட்டகைக்கு இருபதடி, விறகு அடுக்கிய மூலைக்கு நாலடி என்று ‘இதோ வந்துவிடுகிறேன்’ என வெறுங்கையோடு இறங்கும்போதுதான் பல வீடுகளில் கடி விழுகிறது. இடுப்பில் செருகிய சாவியிலேயே வெளிச்சம் இருந்தால் அந்தப் பத்தடி இருட்டாக இருக்காது.

வாங்கிய பிறகு வேலை அதிகமில்லை. மாதம் ஒருமுறை எரிகிறதா என்று பார்த்துவிட்டு, திருகு மரையைப் பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். வாசலின் தடவக் கூடாது. சில வகை ரப்பரை அது உப்ப வைத்துவிடும், சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது மாற்றிவிடலாம். கழற்றிய பேட்டரி மட்டும் போகி நெருப்புக்குள் போய்விடக் கூடாது, சூட்டில் வெடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும்வரை, குழந்தை கைக்கு எட்டாத ஒரு டப்பாவில் கிடக்கட்டும்.